எத்தனை மணிக்குச் சாப்பிட்டாய்?

அன்புள்ள தங்கைக்கு,

நீ அனுப்பிய உணவகக் குறிப்புகளை எல்லாம் படித்தேன். மதுரை, விருதுநகர், திண்டுக்கல், சென்னை என்று ஊர் ஊராகப் போய் உட்கார்ந்து சாப்பிட்டு எழுதியிருக்கிறாய். கை ஓடுகிறது, கண்ணும் இருக்கிறது. ஆனால் எத்தனை மணிக்குச் சாப்பிட்டாய் என்று ஒரு குறிப்பில்கூட இல்லை. உனக்கு நான் சொல்ல நினைப்பதில் பாதி அதைப் பற்றித்தான்.

நம் ஊர்க் கடைகளுக்கு நேரம் உண்டு. காலை ஏழு மணிக்கு இருக்கும் கடை வேறு, பத்தரைக்கு இருக்கும் கடை வேறு. போர்டு மட்டும்தான் ஒன்று. இட்லியையே எடுத்துக்கொள். துணி விரித்த தட்டில் ஊற்றும் கடையில், முதல் ஈடு இறங்கும்போது போய் நின்று பார். தட்டைக் கவிழ்த்து, துணிமேல் தண்ணீர் தெளித்து உரிப்பார்கள். இட்லியின் அடியில் துணியின் நெசவு அப்படியே பதிந்திருக்கும். அதே இட்லி ஒரு மணி நேரம் பாத்திரத்தில் மூடிக் கிடந்தால் மேலெல்லாம் வியர்த்து, ஓரம் தடித்துப்போகும். நீ ஒரு கடையின் இட்லியை ‘கல்லு’ என்று ஒரே சொல்லில் முடித்திருக்கிறாய். பதினோரு மணி வாக்கில் போயிருப்பாய் என்று நினைக்கிறேன். கடைக்காரர் பக்கம் நியாயம் இருக்கிறது என்று சொல்லவில்லை. கடைசி ஈடு இட்லியைச் சாப்பிட்டுவிட்டுக் கடை முழுவதற்கும் தீர்ப்பு எழுதாதே என்கிறேன்.

மாவும் அப்படித்தான். இரவு அரைத்தது காலையில் இட்லிக்குப் பதமாக நிற்கும், சாயங்காலம் புளிப்பேறி ஊத்தப்பத்துக்குத் தோதாகும். சித்திரை வெயிலில் இந்தக் கணக்கெல்லாம் தலைகீழ். மதியம் முதல் பந்தியில் பருப்பு தெரியும் சாம்பார், எதிர்பாராத கூட்டம் வந்துவிட்டால் இரண்டரை மணிக்குள் நீர்த்துவிடும்.

பிரியாணியில் நேரத்தோடு இடமும் சேர்ந்துகொள்ளும். திண்டுக்கல்லானாலும் ஆம்பூரானாலும் சீரகச் சம்பாதான் பேர்போன அரிசி; சின்ன அரிசி, மசாலாவை நன்றாக இழுக்கும். தம் உடைத்ததும் மேல் சோறு உதிரியாக, மணம் மட்டும் ஏறி இருக்கும். அடியில் மசாலாவும் கொழுப்பும் இறங்கிக் கனத்திருக்கும். பன்னிரண்டரைக்கு வந்தவரும் மூன்று மணிக்கு வந்தவரும் ஒரே அண்டாவிலிருந்து இரண்டு பிரியாணி சாப்பிட்டுவிட்டுப் போகிறார்கள். எடுத்துப் போடுகிறவரின் கையைக் கவனி. தட்டை ஓரமாகச் செருகி, மேலிருந்து அடிவரை ஒரே வெட்டாக எடுக்கிறாரா, மேலாக வழித்துப் போடுகிறாரா? அந்தக் கையைப் பற்றி ஒரு வரி எழுது. ‘செம டேஸ்ட்’ என்று எழுதுவதைவிட வாசகருக்கு உபயோகம்.

பரோட்டாவுக்கு ராத்திரிதான். மத்தியானமே பிசைந்து, உருட்டி, எண்ணெய் தடவி, ஈரத்துணி போட்டு மூடிவைத்த மாவு, விளக்கு வைத்த பிறகுதான் கல்லுக்கு வரும். மாஸ்டர் வீசிச் சுருட்டிப் போட்டு, வெந்ததும் நாலைந்தை ஒன்றாக அடுக்கி, இரண்டு கையாலும் பக்கவாட்டில் ஓங்கித் தட்டுவார். பொறுக்க முடியாத சூடு அது. அந்த அடியில்தான் ஏடு பிரியும். சூடு குறைந்தபின் தட்டினால் பிய்யுமே தவிரப் பிரியாது. சால்னாவும் ஏழு மணிக்கு ஒரு மாதிரி, தேங்காய் வாசத்தோடு இளசாக இருக்கும். பத்தரைக்குச் சுண்டி, எண்ணெய் மேலே மிதந்து, காரம் தொண்டையைப் பிடிக்கும். என் ஓட்டு பத்தரைக்கு. உன் ஓட்டு வேறாக இருக்கலாம், ஆனால் எதற்குப் போடுகிறாய் என்று வாசகருக்குத் தெரிய வேண்டும். விருதுநகர் எண்ணெய் பரோட்டாவைப் பார்சல் வாங்கிக்கொண்டு பஸ் ஏறி, வீட்டுக்கு வந்து பிரித்து, ‘நமத்திருந்தது’ என்று எழுதியிருக்கிறாய். எண்ணெய் நிற்கிற கல்லில் பொரித்தெடுத்ததை, நொறுக்கிச் சால்னா ஊற்றி அங்கேயே தின்ன வேண்டும். நீ எழுதியது பஸ்ஸைப் பற்றிய விமர்சனம்.

எண்ணெய் என்றதும் ஒன்று. வடையும் பஜ்ஜியும் போடுகிற எண்ணெய்க்கும் வயது உண்டு. திரும்பத் திரும்பக் காய்ந்த எண்ணெயில் மொத்தத் துருவச் சேர்மங்கள் 25 சதவீதத்தைத் தாண்டினால் சமையலுக்குப் பயன்படுத்தக் கூடாது என்று 2018 ஜூலை முதல் நாடு முழுக்க விதி இருக்கிறது. அளக்கும் கருவி உன்னிடம் இருக்காது. நிறம் கறுத்து, நுரை அடங்காமல், வடை போடும் முன்பே புகைகிற எண்ணெயைக் கண்ணாலேயே பார்க்கலாம். பார்த்தால் தயங்காமல் எழுது. அதில் தாட்சண்யம் வேண்டாம்.

இதையெல்லாம் பார்க்க எங்கே உட்காருகிறாய் என்பது முக்கியம். நீ தனியாகப் போனால், “ஃபேமிலி ரூம் மாடியில இருக்கும்மா” என்று கை காட்டுவார்கள். பெரும்பாலும் மரியாதைக்காகத்தான். ஆனால் மாடியில் ஏசியும் சுவரும்தான் இருக்கும், கல்லும் மாஸ்டரும் கீழே. சிரித்துக்கொண்டே, “இங்கயே உக்காந்துக்கறேண்ணே” என்று சொல்லிவிடு. மதுரையில் கோனார் கடை கறி தோசை உனக்குப் பிடித்ததாக எழுதியிருக்கிறாய். தடிமனாக ஊற்றிய தோசையில் முட்டையை உடைத்துப் பரப்பி, மேலே கறியைப் போட்டுத் திருப்புகிற கையைப் பார்க்காமல் அதைப் பற்றி என்ன எழுதிவிட முடியும்? மாஸ்டர் தோசைத்திருப்பியை எந்த நொடியில் உள்ளே விடுகிறார் என்பதில் இருக்கிறது வித்தை.

நாளுக்குள் இருக்கிற நேரம் போக, கடைக்குக் காலமும் உண்டு. திருவல்லிக்கேணி ரத்னா கஃபேயில் சாம்பாரில் முழுகிய இட்லியைப் பற்றி அழகாக எழுதியிருந்தாய். அதே திருவல்லிக்கேணியில் 1957இல் முரளி கஃபே பெயர்ப்பலகையில் இருந்த ‘பிராமணாள்’ என்ற சொல்லை எடுக்கச் சொல்லிப் பெரியார் போராட்டம் நடத்தினார். தொண்டர்கள் நாள்தோறும் மறியல் செய்து கைதானார்கள். காப்பிக் கிளப்புகளில் யார் எங்கே உட்காரலாம் என்று சாதி பார்த்துப் பிரித்துவைத்திருந்த காலம் ஒன்று இருந்தது. கிராமத்து டீக்கடைகளில் இரட்டைக் குவளை இருந்த கதை அதைவிடக் கிட்டத்தது. இன்று முன்பின் தெரியாத நாலு பேர் ஒரே மேசையில் தோளுரச உட்கார்ந்து சாப்பிடுகிறார்களே, அது சும்மா வந்ததில்லை. ஆ. இரா. வேங்கடாசலபதியின் ‘அந்தக் காலத்தில் காப்பி இல்லை’ நூலைத் தேடிப் படி. படித்தபின் கல்லாவுக்குப் பின்னால் தொங்குகிற பழைய போட்டோக்களையும் வேறு மாதிரிப் பார்ப்பாய்.

ஆனால் கடைக்கதைகளை மட்டும் அப்படியே நம்பிவிடாதே. சிக்கன் 65க்கு எத்தனை கதை! மெனுவில் 65ஆவது அயிட்டம், 65 மிளகாய், 65 நாள் கோழி என்று ஆளுக்கொன்று சொல்வார்கள். 1965இல் தாங்கள்தான் கொண்டுவந்தோம் என்பது சென்னை புஹாரி ஓட்டல்காரர்கள் சொல்வது. எழுதினால் ‘அவர்கள் சொல்கிறார்கள்’ என்று சேர்த்தே எழுது. உன் பெயரில் ஜாமீன் கொடுக்காதே.

இன்னொரு ஆசை எனக்கு. உணவகங்களைப் பற்றி எழுதுகிறவர்கள் அம்மா உணவகத்தைத் திரும்பிப் பார்ப்பதே இல்லை. 2013இல் தொடங்கியபோது இட்லி 1 ரூபாய், சாம்பார் சாதம் 5 ரூபாய், தயிர் சாதம் 3 ரூபாய். அரசியல் கட்டுரைகளில் அது நிறைய வந்தாயிற்று. காலையில் அங்கே நின்று சாப்பிடுகிற துப்புரவுத் தொழிலாளிக்கும் லோடு தூக்குகிறவருக்கும் அந்த இட்லி எப்படி இருந்தது என்று யாராவது சாப்பிட்டுப் பார்த்து எழுதியதாக ஞாபகம் இல்லை. நீ எழுது. மலிவு என்பதற்காகச் சலுகையும் காட்டாதே, நையாண்டியும் செய்யாதே. சட்னியில் உப்பு கூடியிருந்தால் கூடியிருக்கிறது என்று எழுது.

காசு விஷயம். முதலாளி அடையாளம் கண்டுகொண்டு, “நம்ம கடைம்மா, இருக்கட்டும்” என்பார். காசைக் கல்லாவில் வைத்துவிட்டு வா. வாங்க மறுத்தால் அந்தக் கடையைப் பற்றி எழுதாதே, அவ்வளவுதான். மாஸ்டரையும் மேசை துடைக்கிற பையனையும் கேட்காமல் போனில் பிடிக்காதே. பல கடைகளில் இப்போது பீகாரிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் வந்த பிள்ளைகள்தான் அடுப்படியில் நிற்கிறார்கள். வேர்வையோடு நிற்கிறவன் முகம் உன் வீடியோவுக்கு அலங்காரம் ஆகக் கூடாது.

பெரிய கடையைத் திட்டினால் அவர்களுக்கு ஒன்றும் ஆகாது. நாலு மேசை போட்ட கடையைப் பெயர் சொல்லித் திட்டுவதற்கு முன் வேறு நேரத்தில் இன்னொரு தடவை போய் உட்கார். அப்போதும் மோசம் என்றால் எழுது.

இனி அனுப்புகிற குறிப்புகளில் தேதி, மணி, கிழமை, விலை நாலையும் முதல் வரியிலேயே போட்டுவிடு. மதுரைப் பக்கம் வந்தால் ராத்திரி ஒன்பது மணிக்கு மேல் வா, பரோட்டாவுக்குப் போகலாம். பில்லை அவரவர் கொடுத்துக்கொள்வோம்.

அன்புடன்,
உன் அண்ணன்