ஓடாத வண்டிக்கு என்ன விலை கொடுக்கலாம்?

"அண்ணா, கான்டெஸா ஒண்ணு வந்திருக்கு. பதினோராயிரம் கிலோமீட்டர்தான் ஓடியிருக்காம், சிங்கிள் ஓனர். மத்த வண்டியவிட ரெண்டு மடங்கு விலை சொல்றாங்க. வாங்கலாமா?"

பழைய கார் மேல் ஆசைப்பட்டவர்கள் என்னிடம் முதலில் சொல்வது இந்த மீட்டர் கணக்கைத்தான். கோயம்புத்தூர், பொள்ளாச்சி, ஈரோடு வட்டாரத்தில் நண்பர்களுக்காக வண்டி பார்க்கப் போவது எனக்குப் பல வருடப் பழக்கம். அப்படிப் பார்த்ததில் எனக்கு உறுதியாகத் தெரிந்தது இதுதான்: சில வண்டிகளுக்கு அந்த இரண்டு மடங்கு விலை தகும். ஆனால் கம்பெனியிலிருந்து வந்தபடி கலையாமல் இருந்தால் மட்டுமே தகும். மீட்டர் அதற்கு ஒரு சாட்சி. அது ஒன்றை மட்டும் நம்பிப் பணத்தை எண்ணி வைக்கக்கூடாது.

மீட்டருக்காக எவ்வளவு தூரம் போவார்கள் என்பதற்கு 2013 செப்டம்பரில் அமெரிக்காவில் நடந்த ஏலம் ஒன்றைச் சொல்வேன். நெப்ராஸ்கா மாநிலத்தில் பியர்ஸ் என்ற சிற்றூர். அங்கே ரே லாம்ப்ரெக்ட் என்பவர் 50 வருடம் செவ்ரோலே டீலராக இருந்தவர். விற்காமல் நின்ற புது வண்டிகளை விலை குறைத்துத் தள்ளிவிடாமல், அப்படியே வைத்துக்கொண்டார். ஏலத்துக்கு வந்தவை சுமார் 500. அவற்றில் ஒன்று 1958 செவ்ரோலே கேமியோ பிக்கப், மீட்டரில் 1.3 மைல், அதாவது நம் கணக்கில் இரண்டே கிலோமீட்டர். கட்டடக் கூரை விழுந்து வண்டியின் கூரை நசுங்கியிருந்தது. அப்படியும் 1,40,000 டாலருக்குப் போனது. திறந்த வெளியில் கிடந்த மற்ற வண்டிகள் பலவும் துருப்பிடித்துக் கிடந்தன.

அதே செப்டம்பரில்தான் நியூயார்க்கைச் சேர்ந்த இர்வ் கார்டன் என்ற பள்ளி ஆசிரியர், தன் 1966 வால்வோ பி1800 காரில் 30 லட்சம் மைலைத் தாண்டினார். ஏறக்குறைய 48 லட்சம் கிலோமீட்டர். ஆயில் மாற்றுவதில் அவர் அவ்வளவு கறார். ஓடியதால் வண்டி கெடும் என்று சொல்பவர்களிடம் நான் முதலில் எடுத்துச் சொல்வது கார்டனின் வால்வோவைத்தான்.

பொள்ளாச்சிப் பக்கம் தோட்டத்து ஷெட் ஒன்றில் பார்த்த அந்த கான்டெஸாவுக்கு வருகிறேன். 1996 மாடல், இசுஸு 1.8 பெட்ரோல் என்ஜின். கான்டெஸாவைத் தேடுகிறவர்கள் அதிகம் விரும்புவது அந்த என்ஜினைத்தான். விற்றவர், "அப்பா கோயிலுக்கும் கல்யாணத்துக்கும் மட்டுந்தாங்க எடுப்பாரு. 2001-ல அவர் தவறினதுக்கப்புறம் ஷெட்ட விட்டே எடுக்கலீங்க" என்றார். பார்வைக்கு வண்டி பளபளவென்றுதான் இருந்தது.

டயரின் பக்கவாட்டில் நான்கு இலக்க எண் ஒன்று அச்சாகியிருக்கும். முதல் இரண்டு வாரம், அடுத்த இரண்டு வருடம். அங்கே 3105 என்று இருந்தது. 2005-ஆம் ஆண்டின் 31-ஆவது வாரம். ஷெட்டை விட்டு எடுக்காத வண்டிக்கு 2005-இல் எதற்குப் புது டயர்? போட்டிருந்தாலும், பட்டன் எப்படிப் பாதி தேய்ந்தது? பிறகு குனிந்து பெடலைப் பார்த்தேன். பிரேக் பெடல் ரப்பர் புதிது. கிளட்ச் ரப்பர் இடது ஓரம் வழவழத்து, இரும்பு தெரியத் தொடங்கியிருந்தது. டிரைவர் பக்கக் கதவை அரையாகத் திறந்து மெல்லத் தூக்கினால், கீல் ஆடியது. பதினோராயிரம் கிலோமீட்டரில் கீல் அவ்வளவு ஆடாது. அந்தக் கால மீட்டர்கள் பலவற்றில் ஐந்து இலக்கம்தான்; 99,999 தாண்டினால் மறுபடி பூஜ்யத்திலிருந்து தொடங்கும். பதினோராயிரம் என்பது ஒரு லட்சத்துப் பதினோராயிரமாக இருக்கவே வாய்ப்பு அதிகம். மற்ற கான்டெஸாக்களின் விலைக்குக் கேட்டோம். ஒத்துவரவில்லை, திரும்பிவிட்டோம். வண்டி மோசமில்லை, சொன்ன கதைக்குத்தான் அந்த விலை கொடுக்க முடியாது.

உண்மையிலேயே ஓடாத வண்டியும் கிடைக்கும். கோயம்புத்தூரில் ஓய்வுபெற்ற கல்லூரி ஆசிரியர் ஒருவரின் மாருதி 800 அப்படி. ஃப்ரீ சர்வீஸ் கூப்பன்கள் தேதியோடு கிழிக்கப்பட்டிருந்தன, சர்வீஸ் புக்கில் ஒவ்வொரு முறையும் கிலோமீட்டர் வரிசையாக ஏறியிருந்தது, ஸ்டெப்னி தரையைத் தொட்டதே இல்லை. நண்பர் நல்ல விலை கொடுத்தே எடுத்தார்.

வண்டி நேராகப் பட்டறைக்குப் போனது. மெக்கானிக் பெட்ரோல் டேங்கைக் கழற்றிச் சாய்த்ததும் காபிப்பொடி நிறத்தில் துரு கொட்டியது. பழைய பெட்ரோல் பிசினாகி கார்புரேட்டரின் ஜெட்களை அடைத்திருந்தது. பிரேக் ஆயில் காற்றின் ஈரத்தை உறிஞ்சும் தன்மை கொண்டது. அந்த ஈரம் வீல் சிலிண்டர்களை உள்ளே அரித்து, பின்சக்கரம் ஒன்றை இறுக்கிப் பிடித்துக்கொண்டது. டயரில் பட்டன் முழுதாக இருந்தும் ரப்பர் கட்டையாகிவிட்டதால் நான்கையும் மாற்ற வேண்டியதாயிற்று. பெட்ரோல் ஹோஸ்களை, இப்போதைய எத்தனால் கலந்த பெட்ரோலைத் தாங்கும் ரகத்தில் புதிதாகப் போட்டோம். மாருதி என்பதால் சாமான் கிடைத்தது. கான்டெஸாவாக இருந்தால் கண்ணாடி பீடிங் ஒன்றுக்கே ஊர் ஊராக அலைய வேண்டும். ஓடாத வண்டி வாங்குகிறவர்கள் இந்தச் செலவை விலையோடு சேர்த்தே கணக்குப் போட வேண்டும். பெரும்பாலானவர்கள் போடுவதில்லை.

அவ்வளவு செலவுக்குப் பிறகும் அந்த மாருதிக்கு அந்த விலை தகும் என்றே சொல்வேன். பானெட் ஓரத்தில் கம்பெனி பூசிய சீலர் அப்படியே இருந்தது. நட்டுகளின் மேல் சரிபார்த்ததற்கு வைத்த பெயின்ட் பொட்டுகள் அழியவில்லை. எல்லாக் கண்ணாடியிலும் ஒரே கம்பெனியின் முத்திரை. எங்கும் டிங்கரிங் இல்லை, பட்டி இல்லை. பழைய மாருதிகளைப் புதுப்பிக்கும் ஒருவர் வந்து, எந்த ஒயர் எந்த கிளிப்பில் போகிறது, ஸ்டிக்கர் எந்தக் கோணத்தில் ஒட்டியிருக்கிறது என்று அரை நாள் போட்டோ எடுத்துக்கொண்டு போனார். எந்தப் புத்தகத்திலும் இல்லாத தகவல் அது. லட்சக்கணக்கில் உற்பத்தியான வண்டி. இன்று இப்படிக் கலையாமல் நிற்பவை மிகச் சில. ஒரு முறை உரித்துப் பெயின்ட் அடித்துவிட்டால், எவ்வளவு பணம் கொடுத்தாலும் அது திரும்பி வராது.

வாங்குவதற்கு முன்பே ஓட்டப் போகிறோமா, வைத்துக் காப்பாற்றப் போகிறோமா என்று முடிவு செய்துவிடுங்கள். ஓட்டுவதற்கு என்றால் ஓடாத வண்டி வேண்டவே வேண்டாம். இரண்டு மடங்கு கொடுத்து வாங்கி, ஊட்டிக்கு ஒரு தரம் போய்வந்தாலே கொடுத்த கூடுதல் பணம் கரையத் தொடங்கும். அந்தப் பயத்தில் வண்டியை வெளியே எடுக்கவே மனம் வராது. எழுபதாயிரம், எண்பதாயிரம் ஓடி, ஒவ்வொரு பில்லும் ஃபைலில் இருக்கும் வண்டியைத் தேடுங்கள். அதன் பிரேக்கும் ரேடியேட்டரும் நேற்றுவரை வேலை செய்தவை.

வைத்துக் காப்பாற்றுவதற்கு என்றால், பூட்டி வைப்பது காப்பாற்றுவது ஆகாது. அமெரிக்காவில் டல்சா நகரத்தில் 1957-இல் ஒரு புத்தம்புது பிளைமவுத் பெல்வடேரைக் கான்கிரீட் அறைக்குள் புதைத்தார்கள். 2007-இல் திறந்தபோது உள்ளே தண்ணீர் புகுந்து, கார் முழுக்கத் துருவாகியிருந்தது. மாதம் இரண்டு முறையாவது வண்டியை எடுத்து, என்ஜின் நன்றாகச் சூடாகும்வரை ஓட்டுங்கள். நின்ற இடத்தில் ஸ்டார்ட் செய்து ஐந்து நிமிடத்தில் அணைத்தால் ஆயிலிலும் சைலன்ஸரிலும் ஈரம்தான் தங்கும். எலி ஒயரைக் கடிக்காமல் பார்த்துக்கொள்வதும் இதில் சேரும்.

ஆர்.சி. விஷயத்தைத் தள்ளிப்போட வேண்டாம். 15 வருடம் முடிந்த காருக்கு ஐந்தைந்து வருடமாகப் புதுப்பிக்க வேண்டும். ஷெட்டில் நின்ற வண்டிகளுக்குப் பெரும்பாலும் அது காலாவதியாகியிருக்கும். விற்பவர் பெயரிலேயே புதுப்பித்துக் கொடுத்த பிறகு முழுப் பணம் தருவதாகப் பேசுங்கள். 50 வருடம் கடந்த வண்டிக்கு 2021 விதிப்படி 'விஏ' வரிசை விண்டேஜ் பதிவு உண்டு. கட்டணம் 20,000 ரூபாய். ஆனால் அதைத் தினசரி ஓட்டத்துக்கு எடுக்க முடியாது.

இனி விலை. அதே மாடலில் நன்றாக ஓடிக்கொண்டிருக்கும் ஒரு வண்டியின் விலையை முதலில் எழுதுங்கள். கலையாதது என்று நீங்கள் கண்ணால் பார்த்து, கையால் தொட்டு உறுதிசெய்தவற்றுக்கு மட்டும் அதன் மேல் கூட்டுங்கள். டயர், டேங்க், பிரேக், ஹோஸ் ஆகியவற்றின் செலவைக் கழியுங்கள். விற்பவர் சொல்லும் தொகை அதற்குப் பக்கத்தில் வந்தால் அட்வான்ஸ் கொடுத்துவிட்டு, ஆர்.சி.யில் உள்ள சேஸிஸ் நம்பரையும் என்ஜின் நம்பரையும் வண்டியோடு ஒத்துப் பாருங்கள். என்ஜின் நம்பர் மாறியிருந்தால் அந்த அட்வான்ஸைத் திரும்பக் கேட்கலாம் என்று முன்கூட்டியே எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.