பலாப்பழத்தைத் தள்ளியது யார்?



காரவள்ளி ரோட்டில் 70 கொண்டை ஊசி வளைவுகள் இருப்பது நமக்கெல்லாம் தெரியும். ஒருநாள் அப்பாவோடு நாமக்கல்லுக்கு அந்த வழியாகத்தான் பஸ்ஸில் இறங்கினேன். காலடியில் நம்ம பைல் நாட்டுப் பலாப்பழம். ஒரு வளைவில் அது உருண்டு எதிர் சீட்டுக்கு அடியில் போய் முட்டி நின்றது. "ஏன்டா, நீ தள்ளுனியா?" என்றார் அப்பா. நான் தள்ளவே இல்லை. யாருமே தள்ளவில்லை!

நியூட்டன் 1687-ல் வெளியிட்ட முதல் விதி இதுதான்: வெளிவிசை செயல்படாதவரை, ஓடும் பொருள் அதே வேகத்தில் நேர்கோட்டில் ஓடும். இந்தக் குணத்துக்கு நிலைமம் என்று பெயர். பஸ் திரும்பியது, பழம் நேராகப் போகப் பார்த்தது. அவ்வளவுதான். நாம் பக்கத்தில் இருப்பவர் மேல் சாய்வதும் இதனால்தான்.

அப்போ பஸ்ஸைத் திருப்புவது எது? டயருக்கும் ரோட்டுக்கும் உள்ள உராய்வு. அது வளைவின் மையத்தை நோக்கி இழுக்கிறது. மழையில் உராய்வு குறையும். அதனால் டிரைவர் இன்னும் மெதுவாக ஓட்டுவார்.

மையநோக்கு விசை = நிறை × வேகம் × வேகம் ÷ ஆரம்

என் நிறை 40 கிலோ. வளைவின் ஆரம் 20 மீட்டர் என்று வைத்துக்கொள்வோம்.

மணிக்கு 18 கி.மீ. (நொடிக்கு 5 மீட்டர்): 40 × 5 × 5 ÷ 20 = 50 நியூட்டன்.
மணிக்கு 36 கி.மீ. (நொடிக்கு 10 மீட்டர்): 40 × 10 × 10 ÷ 20 = 200 நியூட்டன்.

வேகம் 2 மடங்கு, விசையோ 4 மடங்கு! 200 நியூட்டன் என்பது 20 கிலோ மிளகு மூட்டையைத் தூக்கிப் பிடிப்பதற்குச் சமம். சீட்டில் இருப்பவருக்கு அந்த விசையைச் சீட்டும் கம்பியும் தரும். படிக்கட்டில் தொங்குபவருக்கு? காலடி உராய்வு கொஞ்சம் தரும். மீதியை ஒரே கை தரணும். பஸ் வலது பக்கம் திரும்பும்போது நாம் சாய்வது இடது பக்கம். படிக்கட்டும் இடது பக்கம்தான். பழத்துக்கு முட்டி நிற்க சீட் இருந்தது. படிக்கட்டில் என்ன இருக்கிறது?

நானும் படிக்கட்டில் நின்றவன்தான். இந்தக் கணக்கைப் போட்ட பிறகு நிற்பதில்லை. நீங்களும் நிற்காதீங்க.

செய்து பாருங்கள்: தரையில் ஒரு வளையலை வையுங்கள். உள்ளே கோலிக்குண்டைச் சுழலவிட்டு, சட்டென்று வளையலைத் தூக்குங்கள். குண்டு சுற்றிக்கொண்டே போகிறதா, நேராக ஓடுகிறதா? ஏன்?

– 9-ஆம் வகுப்பு மாணவன்