கஞ்சிப்பாசியும் அதன் கஷாயமும்

இராமநாதபுரம் ஜில்லாவில் மண்டபம், பாம்பன், இராமேசுவரம் முதலிய ஊர்களை அடுத்த ஆழமற்ற கடலில் பலவகைப் பாசிகள் வளர்கின்றன. அவற்றுள் கரையோரத்து மக்கள் கஞ்சி காய்ச்சுவதற்கு எடுத்துவந்தது கஞ்சிப்பாசி எனப்படும். தாவர சாஸ்திரிகள் இதற்கு இட்ட பெயர் கிராசிலேரியா எடுலிஸ் என்பதாகும். எடுலிஸ் என்னும் லத்தீன் சொல்லுக்கு உண்ணத்தக்கது என்பது பொருள். பத்தொன்பதாம் நூற்றாண்டின் ஆங்கில மருந்து நூல்கள் இவ்வினத்துப் பாசியை இலங்கைப் பாசி என்றும், யாழ்ப்பாணப் பாசி என்றும் குறிப்பிட்டு, நோயாளிக்குரிய இலேசான பானமாகக் கூறின.

பாசியின் இயல்பு

கஞ்சிப்பாசியைக் கொதிக்கும் நீரில் வேகவைத்தால் அதிலுள்ள அகார் என்னும் பசைப்பொருள் நீரில் கரையும். ஆறியதும் கூழ்போல் உறையும். ரமலான் நோன்புக் காலத்தில் முஸ்லிம் இல்லங்களில் செய்யப்படும் கடற்பாசி என்ற குளிர்ந்த பண்டமும் இப்பொருளாலேயே உறைகிறது. அகார் மனிதர் குடலில் பெரும்பாலும் ஜீரணமாவதில்லை. அது நீரைத் தன்னுள் பிடித்துக்கொண்டு பருத்து நிற்கும். ஆகவே இப்பாசி உடலுக்குப் பெரிய போஷணை தருவதன்று. அதன் பயன் அதன் வழவழப்பிலேயே அடங்கியுள்ளது.

கஷாயம் செய்யும் முறை

பாசியிலுள்ள மணல், சிப்பித்துண்டு, பிற பாசிகள் ஆகியவற்றை முதலில் பொறுக்கி நீக்க வேண்டும். பின்னர் நல்ல தண்ணீரில் பலமுறை அலசி வெயிலில் உலர்த்த வேண்டும். இவ்வாறு சில நாள் நனைத்து உலர்த்தினால் நிறமும் உப்பும் கடல் வாடையும் நீங்கிப் பாசி வெளுக்கும்.

வெளுத்த பாசியில் எட்டு கிராம் எடுத்து நசுக்கி, ஒரு லிட்டர் தண்ணீரிலிட்டு இருபது நிமிஷம் கொதிக்கவைத்து மெல்லிய துணியில் வடிகட்டுக. சிறிது இலவங்கப்பட்டையோ சுக்கோ சேர்த்துத் தேநீரைப்போல் சூடாகப் பருகலாம். பாசியின் அளவை இருமடங்காக்கினால் ஆறியபின் கெட்டியாக உறையும். அதனைச் சர்க்கரையும் எலுமிச்சைச் சாறும் கூட்டி உண்ணலாம்.

பயன்படும் நோய்கள்

வறட்டிருமலிலும் தொண்டைக் கரகரப்பிலும் இக்கஷாயம் தொண்டையை நனைத்து எரிச்சலைத் தணிக்கும். மலச்சிக்கல் உள்ளவர்க்கு மலத்தை இளக்கும். ஆயினும் உடன் தண்ணீர் தாராளமாகக் குடித்தல் வேண்டும். குழந்தைகளுக்குப் பேதி கண்டபோது இதனை மட்டும் கொடுத்து நிறுத்தலாகாது. இழந்த நீரையும் உப்பையும் மீட்க உப்பு சர்க்கரைக் கரைசலே கொடுக்கத்தக்கது.

கழலை நோயும் அயோடினும்

கடற்பாசி முன்கழுத்துக் கழலையைக் கரைக்கும் என்பது பழைய நம்பிக்கை. அதில் ஓர் உண்மை உண்டு. 1811ஆம் ஆண்டில் பிரெஞ்சுக்காரரான கூர்த்துவா என்பவர் கடற்பாசிச் சாம்பலிலிருந்தே அயோடினைக் கண்டறிந்தார். 1820இல் ஜினீவா வைத்தியர் குவான்தே அதனைக் கழலைக்கு மருந்தாகக் கொடுத்தார். அயோடின் குறைவால் வரும் கழலைக்கு அது ஏற்றதே. எனினும் கழலைக்குக் காரணங்கள் வேறும் உள. சிலருக்கு அயோடின் மிகுதியே தைராய்டு சுரப்பியைக் கெடுக்கும்.

வயதுவந்த ஒருவர்க்கு நாளொன்றுக்கு வேண்டிய அயோடின் 150 மைக்ரோகிராம் மட்டுமே. ஜப்பானியர் பானமாகக் காய்ச்சும் கொம்பு என்னும் பழுப்புப் பாசியில், உலர்ந்த ஒரு கிராமிலேயே பெரும்பாலும் 1,000 மைக்ரோகிராமுக்கு மேல் உண்டு. கஞ்சிப்பாசி போன்ற செம்பாசிகளில் அவ்வளவு இராது. எனினும் அளவு இடத்துக்கிடம் மாறும். எனவே கழலை கண்டவர், தைராய்டு மருந்து உண்பவர், கர்ப்பிணிகள் ஆகியோர் வைத்தியரைக் கேளாமல் எந்தப் பாசிக் கஷாயத்தையும் நாள்தோறும் பருகலாகாது. வீட்டில் அயோடின் கலந்த உப்பு வழங்கினால், அயோடினுக்கென்று பாசியை நாட வேண்டுவதில்லை.

எச்சரிக்கை

1991ஆம் ஆண்டில் பசிபிக் கடலிலுள்ள குவாம் தீவில் இவ்வினத்தைச் சேர்ந்த ஒரு பாசியை உண்ட பதின்மூவர் நோயுற்றனர், மூவர் மாண்டனர். அதற்கு முன்பு அதே பாசி அங்கே உணவாக வழங்கி வந்ததே. 2002-03இல் பிலிப்பைன்ஸ் தீவுகளில் கிராசிலேரியா எடுலிஸையே உண்டும் மரணங்கள் நேர்ந்தன. பாசியில் சில சமயங்களில் மட்டும் காணப்படும் நச்சுப்பொருளே இதற்குக் காரணமென்று ஆராய்ச்சியாளர் கண்டனர். அந்நஞ்சு கண்ணுக்கோ நாவுக்கோ புலப்படுவதன்று. கொதிக்கவைத்தலால் நீங்கிவிடும் என நம்பியிருத்தலும் தகாது. ஆதலின் பச்சைப் பாசியை உண்ணலாகாது. கரையொதுங்கி அழுகியதையும், சாக்கடையும் ஆலைக்கழிவும் கலக்குமிடத்தில் வளர்ந்ததையும் விலக்க வேண்டும். உண்டபின் வாந்தி, பேதி, நடுக்கம் கண்டால் தாமதியாமல் ஆஸ்பத்திரிக்குச் செல்க.

பறிக்கும் நெறி

பாசியை வேரோடு பிடுங்காமல் அடியை விட்டு நுனியை மட்டும் அறுத்தால் அது மீண்டும் தழைக்கும். மன்னார் வளைகுடாவின் 21 தீவுகள் 1986ஆம் ஆண்டில் கடல்சார் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டமையால் அவ்விடங்களில் பாசி எடுத்தல் ஆகாது.

கஷாயத்துக்கு வேண்டுவோர், உண்பதற்கென்று சுத்திசெய்து விற்கப்படும் உலர்ந்த பாசியையோ அகாரையோ வாங்குதலே தக்கது. இருமல் இரண்டு வாரத்துக்குமேல் நீடித்தால் கஷாயத்தை நிறுத்திச் சளியைப் பரிசோதிக்கச் செய்ய வேண்டும்; அது க்ஷயத்தின் அறிகுறியாகவும் இருக்கலாம்.