காயவிடக் கூடாத விதை

நெகிரி செம்பிலானின் பழைய ரப்பர் தோட்டங்களில், லயத்து வீடுகளின் பின்புறம் ரம்புத்தானும் மங்குஸ்தீனும் நிற்பதுண்டு. அவற்றுள் பல, பழத்தை உண்டவர்கள் வீசிய விதையில் முளைத்தவை.

வெண்டை, அவரை விதைகளை வெயிலில் உலர்த்திப் புட்டியில் சேமிப்பது வழக்கம். ரம்புத்தான் விதையை அப்படி உலர்த்தினால் அது இறந்துவிடும். டுரியான், மங்குஸ்தீன், டுக்கு விதைகளும் அத்தகையவையே. மழைக்காட்டின் ஈரமண்ணில் விழுந்ததும் முளைப்பது இவற்றின் இயல்பு. காத்திருக்கும் ஆற்றல் இவற்றுக்கு இல்லை.

தோட்டத்து மக்கள் நன்கறிந்த ரப்பர் விதையும் இவ்வகைதான். 1876-இல் ஹென்றி விக்ஹாம் பிரேசிலிலிருந்து இலண்டனின் கியூ தாவரவியல் பூங்காவுக்கு ஏறத்தாழ 70,000 ரப்பர் விதைகளைக் கொண்டு சென்றார். முளைத்தவை 3,000-க்கும் குறைவு. அடுத்த ஆண்டு சிங்கப்பூருக்கு வந்தவை 22 கன்றுகளே. பின்னாளில் மலாயாவில் பரவிய மாபெரும் தோட்டங்களுக்கு அவையே வித்திட்டன.

ஆகவே, பழம் உண்ட அன்றே விதையைக் கழுவி நட வேண்டும். ஒட்டியிருக்கும் சதையை நீக்காவிட்டால் எறும்பும் பூஞ்சணமும் வந்துவிடும். அடியில் துளையிட்ட பாலித்தீன் பையில் மண் நிரப்பி, விதையைப் படுக்கவைத்து மெல்ல மூடி, நிழலில் வைத்தால் போதும். ரம்புத்தான் இரண்டு மூன்று வாரங்களில் முளைக்கும்.

சிக்கல் அதற்குப் பிறகுதான். ரம்புத்தான் விதைக்கன்று தாய்மரத்தைப் போலவே அமையும் என்பதற்கு உறுதியில்லை. அது ஆண் மரமாகவும் இருக்கலாம். பல ஆண்டுகள் நீரூற்றியவர் அதில் பூவை மட்டுமே காண்பார். இதற்கு ஒட்டுக் கட்டுதலே வழி. ரப்பர்க் கன்றில் மொட்டு ஒட்டிப் பழகிய தொழிலாளிக்கு இது புதிய வேலையன்று. நன்கு காய்க்கும் மரத்தின் மொட்டை விதைக்கன்றின் தண்டில் பொருத்திக் கட்டிவிடுவார்.

மங்குஸ்தீனுக்கு இந்தக் கவலை இல்லை. அதன் விதை மகரந்தச் சேர்க்கையின்றியே உருவாவதால், கன்று தாய்மரத்தைப் போலவே வளரும். ஆனால், காய்க்க எட்டுப் பத்து ஆண்டுகள் ஆகும். அதற்கு மேலும் ஆகலாம்.

அவ்வளவு காலம் ஒரே வீட்டில் இருப்போமா என்பது தோட்டத்துக் குடும்பங்களுக்குச் சிறிய கேள்வியன்று. வீடு நிர்வாகத்துக்கு உரியது. நீலாய், சிரம்பான் வட்டாரங்களில் தோட்டங்கள் பல வீடமைப்புப் பகுதிகளாக மாறிவிட்டன. வெளியேறுபவர்களால் மரத்தைப் பெயர்த்துச் செல்ல முடியாது. பழப்பருவம் அல்லாத மாதமாக இருந்தால் விதையும் கிடைக்காது. சேமித்து வைத்திருக்கவும் இயலாது. முன்பே பையில் முளைக்கவைத்த கன்று ஒன்று இருந்தால், அது மட்டுமே தட்டுமுட்டுப் பொருள்களோடு லாரியில் ஏறும்.