தண்ணீருக்குப் பணம் தருவது யார்?

கற்றல் நோக்கம்: மானியமும் கடனும் இணைந்து ஒரு நீர்த் திட்டத்தை எவ்வாறு சாத்தியமாக்குகின்றன என்பதைத் தனிவட்டிக் கணக்கின் வழியே மாணவர்கள் உணர்தல்.

அறிமுகம்: போரோ வறட்சியோ வந்தால் முதலில் வருவது தண்ணீர் லாரி. அது உயிரைக் காக்கும். ஆனால் லாரி நின்றால் மறுநாளே தட்டுப்பாடுதான். குழாயும் சுத்திகரிப்பு நிலையமும் நீடித்துப் பயன் தரும். அவற்றுக்குப் பெருந்தொகை வேண்டும். மானியம் மட்டும் போதாதபோது, அதனுடன் வங்கிக் கடனையும் தனியார் முதலீட்டையும் சேர்ப்பதே ‘கலப்பு நிதி’.

எடுத்துக்காட்டு: ஜோர்டான் நீர்வளம் மிகக் குறைந்த நாடு. அங்கு 6 லட்சத்துக்கும் மேற்பட்ட சிரிய அகதிகள் பதிவு செய்யப்பட்டனர். அவர்களில் பெரும்பாலோர் முகாம்களுக்கு வெளியே, ஊர்களிலும் நகரங்களிலும் வாழ்ந்தனர். அகதிகள் வருகைக்கு முன்பே திட்டமிடப்பட்டு, 2015இல் நிறைவடைந்தது அஸ் சம்ரா கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலைய விரிவாக்கம். இதற்கு அமெரிக்க அரசு நிறுவனம் ஒன்று ஏறத்தாழ 9.3 கோடி டாலர் மானியம் அளித்தது. ஜோர்டான் அரசும் பங்களித்தது. மீதியைத் தனியார் முதலீடும் வங்கிக் கடனும் ஈடுசெய்தன. நாளொன்றுக்கு 3.64 லட்சம் கன மீட்டர் கழிவுநீரைச் சுத்திகரிக்கலாம். அந்த நீர் வயல்களுக்குச் செல்வதால், நன்னீரைக் குடிநீருக்கு ஒதுக்க முடிகிறது.

வகுப்பறைச் செயல்பாடு: கற்பனை ஊர் ஒன்றைக் கரும்பலகையில் எழுதுங்கள். வீடுகள் 5,000, திட்டச் செலவு ₹10 கோடி, வட்டி 10%. ஒரு வீட்டால் ஆண்டுக்கு ₹1,000 மட்டுமே தர முடியும். அசலை இப்போதைக்கு விட்டுவிடலாம்.

1. முழுவதும் கடன் எனில் ஆண்டு வட்டி ₹1 கோடி, வீட்டுக்கு ₹2,000. திட்டம் நடக்காது.
2. ₹6 கோடி மானியம் எனில் வட்டி ₹40 லட்சம், வீட்டுக்கு ₹800. நடக்கும்.
3. பாதி வீடுகளில் வருமானமற்ற அகதிகள் வாழ்ந்தால்? மற்ற 2,500 வீடுகளும் தலா ₹1,600 தர வேண்டும். மறுபடியும் நடக்காது.

மூன்றாம் நிலையில் மானியம் எவ்வளவு இருக்க வேண்டும் என்று மாணவர்களையே கண்டுபிடிக்கச் செய்யுங்கள். (விடை: ₹7.5 கோடி.)

விவாதம்: யாராலும் பணம் தர முடியாத முகாமுக்குக் கடன் உதவுமா? கணக்கே விடை சொல்லும்: மானியத்துக்குக் கடன் துணையாகலாம், மாற்றாகாது. கடனை யாரோ ஒருவர் திருப்பித்தான் ஆக வேண்டும். அந்த ‘யாரோ’ யார் என்று கேட்கும் பழக்கம் மாணவரிடம் வந்தால், பாடம் நிறைவுற்றது.