முள் நடுவுக்கு வந்தால் போதுமா?

ஸ்போர்ட்ஸ் கார் வைத்திருப்பவர்களிடம் ஒரு சடங்கு உண்டு. ஞாயிற்றுக்கிழமை காலை ஆறு மணிக்கு ஸ்டார்ட் செய்து, கேட்டுக்கு உள்ளேயே பத்து நிமிடம் ஓடவிடுவார்கள். நடுநடுவே ஆக்ஸிலரேட்டரை இரண்டு தட்டு தட்டுவார்கள். தெருவே விழித்துக்கொள்ளும். டெம்பரேச்சர் முள் நடுவுக்கு வந்ததும் ‘வண்டி ரெடி’ என்று கிளம்பி, ஈசிஆரில் ஏறிய முதல் நிமிடத்திலேயே அடிவரை மிதிப்பார்கள். இந்தச் சடங்கில் பாதி வீண், மீதி கெடுதல். விரட்டுவதற்கு முன் இன்ஜினைச் சூடேற்ற வேண்டும் என்ற அடிப்படை மட்டும் நூற்றுக்கு நூறு சரி. எதைச் சூடேற்றுவது, எப்படி, எதுவரை என்பதில்தான் கோளாறு.

“நின்ற இடத்திலேயே பத்து நிமிடம் ஓடவிட வேண்டும்”

கார்புரேட்டர் காலத்துப் பழக்கம் இது. குளிர்ந்த இன்ஜினில் பெட்ரோல் சரியாக ஆவியாகாது. சோக்கை இழுத்துவிட்டுக் காத்திருக்காமல் கிளப்பினால் வண்டி இருமிக்கொண்டே நின்றுவிடும். ஃப்யூல் இன்ஜெக்‌ஷன் வந்த பிறகு அந்தக் காரணம் போய்விட்டது. பழக்கம் மட்டும் அப்பாவிடமிருந்து பிள்ளைக்கு வந்து சேர்ந்திருக்கிறது. ஸ்டார்ட் ஆன அரை நிமிடத்துக்குள் ஆயில் போக வேண்டிய இடங்களுக்கெல்லாம் போய்விடும். அதற்கு மேல் நிற்பதில் லாபமில்லை.

நஷ்டம் உண்டு. ஐட்லிங்கில் இன்ஜினுக்கு வேலை இல்லை. வேலை இல்லாததால் வெப்பமும் குறைவு. குளிர்ந்த இன்ஜின் அணைந்துவிடக் கூடாது என்று கம்ப்யூட்டர் வழக்கத்தைவிட அதிகமாகப் பெட்ரோலை விடுகிறது. எரியாத மிச்சம், சிலிண்டர் சுவரில் படிந்திருக்கும் ஆயிலைக் கழுவிக்கொண்டு கீழே இறங்கி, அடியில் தேங்கியிருக்கும் ஆயிலையும் நீர்க்கச் செய்கிறது. எரிதலில் உண்டாகும் நீராவியும் அங்கேயே தங்குகிறது. டைரக்ட் இன்ஜெக்‌ஷன் இன்ஜின்களில் இந்தத் தொல்லை இன்னும் அதிகம். போர்ஷே தன் உரிமையாளர் கையேட்டிலேயே சொல்லிவிடுகிறது: நிறுத்தி வைத்துச் சூடேற்றாதீர்கள், உடனே புறப்படுங்கள், சூடாகும்வரை உயர்ந்த ஆர்பிஎம்மைத் தவிருங்கள். காரணமில்லாமல் இன்ஜினை ஓடவிட்டபடி நிற்பது போர்ஷேயின் தாயகமான ஜெர்மனியில் சாலை விதியை மீறும் செயலும்கூட.

ஸ்டார்ட் ஆனதும் வண்டி தானாகவே ஆயிரத்துக்கும் மேலே ஏறி உறுமுகிறதே, அது இன்ஜின் தன்னைச் சூடேற்றிக்கொள்வதுதானே என்று பலர் நினைக்கிறார்கள். பெரும்பாலும் அது எக்ஸாஸ்டில் இருக்கும் கேட்டலிட்டிக் கன்வர்ட்டருக்காக. அது சுமார் 250, 300 டிகிரியைத் தொட்டால்தான் புகையைச் சுத்தம் செய்யத் தொடங்கும். மாசு விதிகளுக்காகச் செய்த ஏற்பாட்டைப் பார்த்து, கூட நாமும் ஆக்ஸிலரேட்டரைத் தட்டுவது இன்ஜினுக்குச் செய்யும் கொடுமை.

“முள் நடுவுக்கு வந்தாயிற்று, இனி விரட்டலாம்”

எல்லா நம்பிக்கைகளிலும் இதுதான் அதிக சேதம் செய்வது. ஏனென்றால் இதை நம்புகிறவர், தான் பொறுமையாகக் காத்திருந்ததாகவே எண்ணிக்கொள்கிறார்.

அந்த முள் காட்டுவது கூலன்ட்டின் சூட்டை. ரேடியேட்டருக்குப் போகும் வழியைத் தெர்மோஸ்டாட் அடைத்து வைப்பதால் தண்ணீர் சீக்கிரம் சூடாகிறது. ஓட்டத் தொடங்கி ஐந்து நிமிடத்தில் 80 டிகிரியைத் தாண்டிவிடும். ஆயிலுக்கு அதே சூடு ஏற இரண்டு மூன்று மடங்கு நேரம் ஆகும். போதாததற்கு, பல கார்களில் அந்த முள்ளே உண்மை பேசுவதில்லை. கூலன்ட் 75 டிகிரியில் இருந்தாலும் 110-இல் இருந்தாலும் அசையாமல் நடுவில் நிற்கும்படி அமைத்திருக்கிறார்கள். வாடிக்கையாளர் வீணாகப் பதறக் கூடாதாம்.

குளிர்ந்த ஆயில், ஆறிய வெல்லப்பாகு. 100 டிகிரியில் இருப்பதைவிட 30 டிகிரியில் அது ஏறக்குறைய எட்டிலிருந்து பத்து மடங்கு கெட்டி. இந்த நேரத்தில் ஆயில் பிரஷர் மீட்டரைப் பார்த்தால் முள் உச்சத்தில் நிற்கும். ஆகா, நல்ல பிரஷர் என்று தோன்றும். கெட்டியான ஆயில் குறுகிய பாதைகளில் நுழைய மறுப்பதால் ஏறிய பிரஷர் அது. அளவு மீறியதும் பம்பின் ரிலீஃப் வால்வு திறந்து, ஒரு பங்கு ஆயிலை பேரிங்குகளுக்கு அனுப்பாமல் திருப்பிவிடுகிறது. ஃபில்டரிலும் பைபாஸ் வால்வு திறந்துகொண்டால், வடிகட்டாத ஆயிலே உள்ளே போகும். அதாவது மீட்டரில் பிரஷர் அதிகம், பேரிங்குக்குப் போய்ச் சேர்வது குறைவு. இந்த நிலையில் 7000 ஆர்பிஎம்மை எட்டினால் முதலில் அடி வாங்குவது கனெக்டிங் ராட் பேரிங்.

அடுத்தது பிஸ்டன். அதைச் செய்யும் அலுமினியம், பல சிலிண்டர்களின் வார்ப்பிரும்பைவிட இரண்டு மடங்கு விரியும். எரிதல் நடப்பது பிஸ்டனின் தலைமேல் என்பதால் முதலில் சூடாவதும் அதுதான். சிலிண்டர் இன்னும் குளிர்ந்தே இருக்கும்போது அடிவரை மிதித்தால், பிஸ்டன் வீங்கி, விரியாத சிலிண்டருக்குள் உரசும். டூ-ஸ்ட்ரோக் பைக்குகளைப் பிரித்துப் பார்த்த பழைய மெக்கானிக்குகளைக் கேளுங்கள்; பிஸ்டன் பாவாடையில் நான்கு மூலையிலும் செங்குத்தாக விழுந்த கோடுகளைப் பார்த்ததுமே, ‘சூடேறுவதற்குள் முறுக்கியிருக்கான்’ என்பார்கள்.

இதையெல்லாம் தெரிந்தே சில நிறுவனங்கள் தடுப்பு வைத்தன. 2000 முதல் 2006 வரை தயாரான பிஎம்டபிள்யூ எம்3-இன் ஆர்பிஎம் மீட்டரைக் கவனித்தால் விளங்கும். சிவப்புக் கோடு 8000-இல். ஆனால் குளிர்ந்த வண்டியில் அதற்கு வெகு முன்பிருந்தே வட்டத்தின் ஓரம் சின்னச் சின்ன விளக்குகள் எரியும். ஆயில் சூடாக ஆக ஒவ்வொன்றாக அணைந்து, போகலாம் என்ற எல்லை மேலே நகரும். அதே மீட்டரின் அடியில், சாதாரண 3 சீரிஸ் காரில் மைலேஜ் முள் இருக்கும் இடத்தில், எம்3-க்கு ஆயில் டெம்பரேச்சர் முள் வைத்தார்கள். வாங்குகிறவருக்கு எது முக்கியம் என்று நிறுவனத்துக்குத் தெரிந்திருக்கிறது! 9000 ஆர்பிஎம் போகும் ஹோண்டா எஸ்2000-இல் இன்னொரு வழி: உயர்ந்த ஆர்பிஎம்மில் வால்வுகளைக் கூடுதலாகத் திறக்கும் விடெக், சூடாகும்வரை வேலை செய்யாது.

“நம்மூர் வெயிலுக்கு இதெல்லாம் தேவையில்லை”

சென்னையின் 35 டிகிரி நமக்குத்தான் வெக்கை. 90, 100 டிகிரியில் வேலை செய்ய வடிவமைத்த ஆயிலுக்கு அது குளிர். மைனஸ் இருபதில் கார் எடுக்கும் ஊரைவிட நமக்குச் சீக்கிரம் சூடேறும் என்பது உண்மை. தேவையே இல்லை என்பது உண்மையல்ல. ‘சிந்தெடிக் ஆயில் போட்டிருக்கிறேன்’ என்கிறவருக்கும் இதே பதில்தான். அது குளிரில் எளிதாக ஓடும், அவ்வளவே. பிஸ்டன் விரிவதை எந்த ஆயிலும் மாற்றாது.

“ரேஸ் கார்களை நிறுத்தி வைத்துத்தானே சூடேற்றுகிறார்கள்?”

ஆம், ஆனால் எப்படி என்று பாருங்கள். ஃபார்முலா 1 இன்ஜினில் இடைவெளிகள் அவ்வளவு நுணுக்கம். குளிர்ந்த நிலையில் ஸ்டார்ட் செய்யவே கூடாது. வெளியிலிருந்து ஒரு பம்பை இணைத்து, சூடாக்கிய திரவத்தை உள்ளே சுற்றவிட்டு, இன்ஜின் சூடான பிறகுதான் ஸ்டார்ட் செய்கிறார்கள். அவர்களுக்கு அதற்கென்று ஆட்களும் கருவியும் உண்டு. இருங்காட்டுக்கோட்டை டிராக்குக்குத் தன் காரைக் கொண்டுபோகிறவருக்கு முதல் சுற்று, இரண்டாம் சுற்றுதான் அந்தக் கருவி. கியர்பாக்ஸ் ஆயிலும் டிஃபரன்ஷியலும் டயரும் நின்றுகொண்டிருந்தால் எப்படிச் சூடாகும்? இன்ஜினை மட்டும் சூடாக்கிக்கொண்டு, குளிர்ந்த டயரோடு முதல் வளைவில் சுழன்று நிற்பதில் என்ன பெருமை?

“டர்போ என்றால் அணைப்பதற்கு முன் கட்டாயம் மூன்று நிமிடம் ஐட்லிங்”

பழைய டர்போக்களுக்கு இது பொருந்தும். அவை நிமிடத்துக்கு ஒரு லட்சம் சுற்றுக்கும் மேல் சுழல்பவை. விரட்டிய கையோடு அணைத்தால் பேரிங்கில் நின்றுபோன ஆயில் கருகிவிடும். இன்று பெரும்பாலான டர்போக்களுக்குக் கூலன்ட் குளிர்ச்சி உண்டு. பலவற்றில் வண்டியை அணைத்த பிறகும் மின் பம்ப் ஓடும். வீடு திரும்பும் கடைசி இரண்டு கிலோமீட்டரை நிதானமாக ஓட்டி வந்தவர் மூன்று நிமிடம் காத்திருக்க வேண்டியதில்லை. டிராக்கிலிருந்து நேராகப் பிட்டுக்குள் வந்து அணைக்கிறவருக்குத்தான் இது பாடம்.

சரி, என்ன செய்வது? ஸ்டார்ட் செய்து சீட் பெல்ட்டைப் போட்டுக்கொள்ளும் நேரம் போதும், கிளம்புங்கள். 3000 ஆர்பிஎம்முக்குள், மென்மையான மிதியில் ஓட்டுங்கள். குறைந்த ஆர்பிஎம்மில் உயர் கியரில் திணறவிடுவதும் மிதமான ஓட்டம் ஆகாது. ஆயில் டெம்பரேச்சர் காட்டும் கார் என்றால் 80 டிகிரி தாண்டட்டும். காட்டாத கார் என்றால் கூலன்ட் முள் நடுவுக்கு வந்த பிறகும் இன்னொரு பத்து நிமிடம் அடக்கி வாசியுங்கள்.

பழைய ஸ்போர்ட்ஸ் கார் வாங்கப் போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. தேய்ந்த இன்ஜினின் பிஸ்டன் தட்டும் சத்தமும் செயின் கிலுகிலுப்பும் குளிர்ந்த ஸ்டார்ட்டில்தான் நன்றாகக் கேட்கும், சூடானதும் அடங்கிவிடும். நீங்கள் போய்ச் சேரும்போது பானெட்டைத் தொட்டுப் பாருங்கள். சூடாக இருந்தால் விலை பேசாதீர்கள்; நாளைக் காலை நான் வந்த பிறகு ஸ்டார்ட் செய்யுங்கள் என்று சொல்லிவிட்டுத் திரும்பி வாருங்கள்.