கைநாட்டு வைக்கும் முன்னர்

உக்குவளையை அண்டிய தோட்டமொன்றில் மாதர் சங்கக் கூட்டம் முடிந்து புறப்படும் வேளையில் ஒரு தாய் எம்மிடம் கேட்டார்: “சாமி, பெரியாஸ்பத்திரியில மருந்து ஆராய்ச்சிக்குச் சேரச் சொன்னா சேரலாமா? எலிக்குக் குடுக்கிற மாதிரி நமக்கும் குடுத்துப் பாப்பாங்களா?” நியாயமான கேள்வி. அதனையே இவ்விதழின் பாடமாக எடுத்துக்கொள்வோம்.

ஆய்வு எதற்கு?

பாம்புக்கடி எமது மக்களுக்குப் புதிதல்ல. விஷமுறிப்பு மருந்து உயிரைக் காக்கிறது. ஆனால் அம்மருந்தே பலருக்கு ஒவ்வாமையாகி மூச்சுத் திணறலை உண்டாக்குவதும் உண்டு. அதனைத் தடுப்பது எவ்வாறு? 2005 முதல் 2008 வரை இலங்கையின் மூன்று வைத்தியசாலைகளில் பாம்புக்கடிக்கு உள்ளான 1007 பேர் ஓர் ஆய்வில் பங்குபற்றினர். விஷமுறிப்பு மருந்துக்கு முன்பாக, சீட்டுக் குலுக்குவது போன்ற முறையில், அட்ரினலின் உட்பட மூன்று மருந்துகள் தனியாகவோ சேர்த்தோ கொடுக்கப்பட்டன. சிலருக்கு மருந்தில்லாத ஊசியே கிடைத்தது. 2011இல் வெளியான முடிவின்படி, சிறிதளவு அட்ரினலின் முதல் ஒரு மணித்தியாலத்தில் கடும் ஒவ்வாமையை நூற்றுக்கு 43 வீதம் குறைத்தது. மற்றைய இரண்டும் பயன் தரவில்லை. அந்த 1007 பேரும் பங்குபற்றியிராவிடில் இவ்வுண்மை வெளிப்பட்டிராது. இன்று கடிபடுகின்ற கொழுந்து பறிக்கும் பெண்ணும் அவர்களுக்குக் கடன்பட்டவளே.

தவறு எங்கே நேர்கிறது?

2009இல் இந்தியாவில், ஆந்திராவின் கம்மம் மாவட்டத்திலும் குஜராத்தின் வதோதராவிலும் கருப்பைக் கழுத்துப் புற்றுநோய்த் தடுப்பூசி பற்றிய ஆய்வுத் திட்டமொன்றில் சிறுமியருக்கு ஊசி போடப்பட்டது. கம்மத்தில் பலர் விடுதிகளில் தங்கிப் படித்த ஏழைப் பிள்ளைகள். பெற்றோர் ஒப்பமிட வேண்டிய பத்திரங்களில் விடுதிக் காப்பாளர்களும் தலைமையாசிரியர்களும் ஒப்பமிட்டிருந்தமை பின்னர் வெளிவந்தது. 2010 ஏப்ரலில் திட்டம் நிறுத்தப்பட்டது. 2013இல் இந்தியப் பாராளுமன்றக் குழு அதனைக் கடுமையாகக் கண்டித்தது. அந்தத் தடுப்பூசி நல்லதே. 2017 முதல் எமது பாடசாலைச் சிறுமியருக்கும் அது கொடுக்கப்படுகிறது. சம்மதம் பெற்ற முறைதான் பிழை.

இது எமக்கும் பாடம். துரை சொன்னார், தலைவர் சொன்னார், சாமி சொன்னார் என்று கைநாட்டு வைத்துப் பழகியவர்கள் நாம். ஆய்வுக்கான சம்மதத்தை உங்களுக்காக வேறெவரும் கொடுக்க முடியாது. நாமும் கொடுக்க முடியாது.

கேட்க வேண்டியவை

1. பத்திரம் தமிழில் உள்ளதா? வாசிக்கத் தெரியாதவருக்கு, அவர் நம்பும் ஒருவர் முன்னிலையில் விளக்கப்படுமா?

2. நெறிமுறைக் குழு அனுமதித்துள்ளதா? மருந்து ஆய்வாயின், 2015ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கச் சட்டத்தால் அமைந்த தேசிய ஔடதங்கள் ஒழுங்குபடுத்தும் அதிகாரசபையின் அனுமதி உண்டா?

3. எனக்கு மருந்தில்லாத மாத்திரையோ ஊசியோ கிடைக்கலாமா?

4. தீங்கு நேர்ந்தால் சிகிச்சைச் செலவும் நட்டஈடும் யார் பொறுப்பு?

5. கிளினிக் செல்லும் நாட்களில் பேர் இழந்தால் பயணச் செலவும் நாட்கூலியும் கிடைக்குமா?

6. இடையில் விலகினால் வழமையான சிகிச்சை தொடருமா? தொடர்ந்தே ஆக வேண்டும். விலகுவதற்குக் காரணம் சொல்லவும் தேவையில்லை.

உடனே பதில் சொல்ல வேண்டியதில்லை. பத்திரத்தை வீட்டுக்குக் கொண்டுவந்து குடும்பத்தாருடன் பேசலாம். சேர்ந்தால், குடிக்கும் கசாயம் உட்பட எல்லா மருந்துகளையும் வைத்தியரிடம் மறைக்காமல் சொல்ல வேண்டும்.

அந்தத் தாய்க்கு நாம் கூறிய பதில் இதுவே: எலியிடம் எவரும் சம்மதம் கேட்பதில்லை. உங்களிடம் கேட்டே ஆக வேண்டும். “ஆம்” என்றால் அது பிறருக்கு நீங்கள் செய்யும் உதவி. “இல்லை” என்றால் அது உங்கள் உரிமை.

குழுவில் கலந்துரையாட

• விளங்காத பத்திரத்தில் நாம் ஒப்பமிட்ட சந்தர்ப்பங்கள் எவை? ஏன் கேள்வி கேட்கவில்லை?

• எமது லயத்தில் பத்திரங்களை வாசித்து விளக்கக்கூடிய இளைஞர் யார்?